பழுதறி கட்டளைக்கோவையின் பழுதுகள்

ஊர்காவற்றுறை பண்டு ஊராத்துறை என வழங்கப்பெற்ற துறைமுகமாகும். பொலனறுவையிலிருந்து ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) அத்துறையைக் குறித்துப் பிறப்பித்த ஆணையொன்று, நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் தமிழ்க் கல்வெட்டாக இன்றும் நிலவுகின்றது. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து சேர்தல் வேண்டும் என்பதும், அவர்க்குக் காவல் உண்டு என்பதும் அதன்கண் கூறப்பட்டுள்ளன. யானையுங் குதிரையுங் கொணருங் கலம் உடையுமாயின் நாலில் ஒரு பங்கு பண்டாரத்தைச் சேரும், எஞ்சிய மூன்று பங்கும் உடையவனைச் சேரும். பிற சரக்கேற்றிய கலமாயின் சரிபாதி. இவ்வாணை கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டதென்று கல்வெட்டே சொல்கின்றது. இரு பொருளில் இரு பிரதி செய்துவைத்த அம்முன்னெச்சரிக்கை பாராட்டற்குரியது.

எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் எழுத்து நிற்கின்றது, ஆணையோ நடவாது. நாலில் ஒன்றைப் பெறுதற்குப் பண்டாரமும் இல்லை, பிரித்துக் கொடுத்தற்கு அலுவலரும் இலர். கட்டளையொன்று செயற்படுவதற்கு, அது பெயர் சுட்டி அழைக்கும் துணைகள் இருந்த இடத்திலேயே இருத்தலும், அதன் சொற்கள் பழைய பொருளிலேயே வழங்குதலும் வேண்டும். கணினிக்கு எழுதப்படுங் கட்டளைகளுக்கும் இவ்விதி பொருந்தும். ஆங்கு எண்ணூறு ஆண்டு வேண்டுவதில்லை. எட்டு ஆண்டே மிகுதி.

இச்செய்தி கணினி வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தபோது வீடுகளிலும் பாடசாலைகளிலும் இருந்த ஏடுகள் கைவிடப்பட்டன. எஞ்சியவற்றை மின்வடிவிற் காக்கும் முயற்சிகளுள் 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் தலையாயது. இன்று ஒரு கல்லூரியோ கோயிலோ தனியொருவரோ பழைய மலர்களைப் படம்பிடித்து, தொலைவிலுள்ள பெருங்கணினிகளில் இணையவழி வைப்பது வழக்கமாகி வருகின்றது. இதனையே முகிற் சேமிப்பகம் என்பர். மூலத்தாள் செல்லரித்துப் போனபின்னர் அச்சேமிப்பகத்திலுள்ள பிரதியே மூலம் ஆகிவிடுகின்றது.

அவ்வாறு வைத்த கோப்புகள் ஒழுங்காகச் சென்று சேர்கின்றனவா, வழியில் பழுதுறுகின்றனவா என்பதை அறிதற்கு எழுதப்படுவதே பழுதறி கட்டளைக்கோவை. அது தானே எதையும் அளப்பதில்லை. மருத்துவர் ஒருவர் பல உதவியாளரை ஏவி நாடியையும் வெப்பத்தையும் குறித்துவரச் செய்வது போல, கணினியில் ஏற்கெனவே உள்ள சிறு கருவிகளை ஒவ்வொன்றாக அழைத்து, அவை தரும் விடைகளைத் தொகுத்து அறிக்கை செய்கின்றது. கூகிள் நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கென அமைந்த 'ஜிஎஸ்யூடில்' என்னுங் கருவியுள் 'பெர்ஃப்டயாக்' என்றொரு சோதனை உண்டு. இணைப்பில் எத்தனை பொதிகள் மீண்டும் அனுப்பப்பட்டன என்பதை அறிய அது 'நெட்ஸ்டாட்' என்னும் பழைய கருவியின் விடையையே நாடுகின்றது. பொதிகள் மிகுதியாக மீள அனுப்பப்படுமாயின் இணைப்பு நலிந்துள்ளது என்பது பொருள். கடல் கடந்து வரும் அலைத்தொடர்பையே நம்பியிருக்கும் நெடுந்தீவு போன்ற ஓரிடத்தில் இவ்வெண் மிக இன்றியமையாதது.

இனி, அந்த நெட்ஸ்டாட்டின் நிலையை நோக்குக. அதுவும் 'இஃப்கொன்ஃபிக்' என்பதும் 'நெட்டூல்ஸ்' என்னுந் தொகுதியைச் சேர்ந்தவை. லினக்ஸ் கணினிகளில் நெடுங்காலம் இவையே வழங்கின. பின்னர் 'ஐபிரூட்2' என்னும் புதிய தொகுதி தோன்றி, நெட்ஸ்டாட்டின் பணியை 'எஸ்எஸ்' என்பதும் இஃப்கொன்ஃபிக்கின் பணியை 'ஐபி' என்பதும் ஏற்றன. 2017ஆம் ஆண்டு வெளிவந்த டெபியன் 9ஆம் பதிப்பில் பழைய தொகுதி இயல்பாக நிறுவப்படவில்லை. எனவே பழைய கட்டளைக்கோவையொன்றைப் புதிய கணினியில் இயக்கினால், அது அழைக்கும் ஏவலாளன் அங்கில்லை.

அழைத்தவன் இல்லையெனின் கோவை நின்றுவிடும் என்று எண்ணத் தோன்றும். பெரும்பாலும் நிற்பதில்லை, இடர் அங்கேதான் உள்ளது. இத்தகைய கோவைகளில் ஒரு கருவியின் விடை குழாய்வழி நீர் போல அடுத்த கருவிக்குச் செலுத்தப்படும். முதலாவது கருவி நிலைமையைச் சொல்லும். இரண்டாவது அதனுட் பிழை குறிக்கும் வரிகளைப் பொறுக்கும். மூன்றாவது அவற்றை எண்ணும். முதலாவது இல்லாவிடின் குழாய் வறண்டுபோம். பொறுக்குவதற்கு வரியில்லை, எண்ணுவது '0' என விடை பகரும். குழாய்த்தொடரின் வெற்றி தோல்வியைக் கணினி கடைசிக் கருவியைக் கொண்டே முடிவு செய்வதால், தொடர் முழுவதும் செவ்வனே நடந்ததாகவே கணிக்கப்படும். 'அக்கட்டளை காணப்படவில்லை' என்ற அறிவிப்புத் தனி வழியில் வெளிப்படும் என்பது உண்மையே. ஆயின் அறிக்கை அழகாயிருத்தல் வேண்டுமென்று அவ்வறிவிப்புகளை மறைத்துவிடும் வழக்கம் கோவை எழுதுவோரிடம் பெரிதும் உண்டு. இது மிகத் தீய வழக்கம். பிழை 0 என்று அறிக்கை வருகின்றது. படிப்பவர் மகிழ்ந்து தாள்களை அப்புறப்படுத்துகின்றார்.

நெடுந்தீவிற் பழைய புறாக்கூடு ஒன்று உளது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குச் செய்தி அனுப்பப் புறாக்கள் அங்கு வளர்க்கப்பட்டன என்று கூறுவர். புறா வராத நாளில், தீவில் யாதொரு குறையும் இல்லை என்று கோட்டையிலிருந்தோர் எண்ணியிருப்பின் அது பேதைமை. புறாவைப் பருந்து கொண்டிருக்கலாம், கூடே வெறுமையாயிருந்திருக்கலாம். கட்டளைக்கோவை காட்டும் 0 என்பதிலும் இவ்வையம் உண்டு. எண்ணிப் பார்த்து இல்லையென அறிந்த 0 வேறு, எண்ணுதற்கு ஒன்றும் வந்து சேராத 0 வேறு. தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

கருவி இருந்தும் விடையின் வடிவு மாறிவிடுவது மற்றொரு வகை. இஃப்கொன்ஃபிக் முன்னர்த் தன் விடையில் முகவரிக்கு முன் 'இனெட் அட்ர்' என்ற குறிப்பை இட்டு வந்தது. பிற்பதிப்புகளில் 'இனெட்' மட்டுமே எஞ்சியது. பழைய குறிப்பைத் தேடும் கோவைக்கு அக்கணினி முகவரியே அற்றது போலத் தோன்றும்.

இவற்றினும் நுட்பமானது, சொல் மாறாது பொருள் மாறுதல். பைதன் மொழியின் 2ஆம் பதிப்பில் முழுவெண்களை வகுத்தாற் பின்னம் விடப்படும். 2008இல் வெளிவந்த 3ஆம் பதிப்பில் பின்னமும் வரும். மூன்று முறை கோப்பனுப்பி இருமுறை தவறியது எனக் கொள்க. தவறிய விகிதத்தைக் காண 2ஐ 3ஆல் வகுக்குமாறு எழுதிய வரி, புதிய பதிப்பில் ஏறத்தாழ 0.67 எனச் சொல்லும். பழைய பதிப்பு நிற்கும் கணினியிலோ 0 எனச் சொல்லும். மூன்றில் இருபங்கு தோல்வி, தோல்வியே இல்லையென எழுதப்படுகின்றது. பைதன் 2இன் பராமரிப்பு 2020 ஜனவரி 1ஆம் நாளோடு முடிவுற்றது. எனினும் அது பழைய கணினிகளிலிருந்து முற்றாக நீங்கிவிடவில்லை.

துணை இல்லாதபோது எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டும் ஜிஎஸ்யூடில்லிலேயே உண்டு. கோப்பு பழுதின்றி வந்ததா என ஒத்துப்பார்க்க, அதன் உள்ளடக்கம் முழுவதையும் கணித்துப் பெறும் 'சி.ஆர்.சி.32சி' என்னும் சரிபார்ப்பெண் பயன்படுகின்றது. ஓரெழுத்து மாறினும் இவ்வெண் மாறிவிடும். அதனை விரைவாகக் கணிப்பதற்கு 'சிஆர்சிமொட்' என்னும் துணைநிரல் தொகுக்கப்பட்ட வடிவில் இருத்தல் வேண்டும். பல துண்டுகளை இணைத்து உருவான கோப்புகளுக்கு அச்சேமிப்பகத்தில் இவ்வெண்ணே சான்று. துணைநிரல் இல்லாத கணினியில் அத்தகைய கோப்பைக் கேட்டால், இயல்பான அமைப்பின்படி கருவி அதனைத் தர மறுக்கும். பயன்படுத்துவோர் பலர் இதனாற் சினங்கொள்வர். ஆயினும், பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாமல் மறுத்து நிற்பதே காப்பகத்துக்கு உகந்தது. கூகிள் நிறுவனம் இக்கருவிக்குப் பதிலாக 'ஜிகிளவுட் ஸ்டோரேஜ்' என்பதையே இப்போது பரிந்துரைக்கின்றது. ஆகவே ஜிஎஸ்யூடில்லைப் பெயர் சொல்லி அழைக்குங் கோவைகளும் வழக்கொழிந்தவற்றின் வரிசையில் மெல்லச் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

திருத்தும் வழி அரியதன்று. வேலையைத் தொடங்குமுன் தான் அழைக்கவுள்ள கருவிகள் யாவும் உளவா எனக் கோவை வினவல் வேண்டும்; ஒன்று குறையினும் அதன் பெயரைச் சொல்லி நிற்றல் வேண்டும். குழாய்த்தொடரில் எந்தக் கருவி தவறினும் தொடர் தவறியதாகக் கொள்ளும் 'பைப்ஃபெயில்' என்னும் அமைப்புப் பாஷ் ஓட்டில் நெடுங்காலமாக உண்டு. 2024ஆம் ஆண்டுப் போசிக்ஸ் நியமத்திலும் அது இடம்பெற்றுள்ளது. அறிக்கையில் '0' என்பதற்கும் 'அளக்க இயலவில்லை' என்பதற்கும் வெவ்வேறு சொல் வேண்டும். எந்தப் பதிப்பிலுள்ள எக்கருவிகளை நம்பி எழுதப்பட்டது என்பதை எழுதியவர் தலைப்பிலேயே ஆண்டுடன் குறித்து வைத்தால், பின்வருவோர்க்கு அதுவே பேருதவி.

எழுதி முடித்த கோவையை நலமுள்ள கணினியில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது போதாது. இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டும், நெட்ஸ்டாட்டின் பெயரை மாற்றி மறைத்துவைத்தும், சோதனைக் கோப்பொன்றில் ஓரெழுத்தைக் கெடுத்தும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். அம்மூன்று தடவையும் அது குறை கூறுமாயின், பின்னர் அது தரும் 0ஐ ஏற்கலாம். அதன் பின்னும் மலர்களின் தாள்களை அப்புறப்படுத்துமுன், சேமிப்பகத்திலிருந்து சில பக்கங்களை வேறொரு கணினிக்கு மீட்டெடுத்து, கண்ணாற் பார்த்து ஒப்பிடுதல் நன்று.