உடைந்த துண்டும் சாவிதான்

கதவில் சாவி உடைந்துவிட்டால், கையில் மிஞ்சிய தலைத்துண்டைக் கோபத்தில் வீசிவிடாதீர்கள். புதுச் சாவி வெட்ட இரண்டு துண்டும் வேண்டும். பூட்டுத் திறக்கக் கூப்பிடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பிறகு ஒரு கேள்வி கேட்பேன். "உடையும்போது சாவி நேராக இருந்ததாம்மா, திரும்பியிருந்ததா?"

பாதி வேலை அந்தப் பதிலில் இருக்கிறது. லைனஸ் யேல் 1860களில் காப்புரிமை வாங்கிய ‘பின்’ (pin) பூட்டின் அமைப்புதான் இன்றைய விலையுயர்ந்த கதவுப் பூட்டுகள் பலவற்றுக்கும் அடிப்படை. நடுவில் சுழலும் உருளை, அதன்மேல் ஸ்பிரிங் அழுத்தும் பின்கள். ஒவ்வொரு பின்னும் மேல், கீழ் என இரண்டு துண்டு. சரியான சாவி போனால் அவை பிரியும் இடம் உருளையின் விளிம்போடு பொருந்தும், உருளை திரும்பும். திரும்பிய பிறகு கீழ்ப் பின்கள் எழ இடமிருக்காது. சாவியின் வெட்டுகளில் உட்கார்ந்து துண்டைப் பிடித்துக்கொள்ளும். உருளையை நேராக்காமல் எவ்வளவு இழுத்தாலும் வராது.

துண்டு முழு ஆழத்தில் இருந்தால் பதற வேண்டாம். பின்கள் எல்லாம் சரியான உயரத்தில்தான் நிற்கின்றன. சன்னமான ஸ்க்ரூடிரைவரைச் சாவித் துளையில் வைத்து மெல்லத் திருப்பினால் பல நேரம் கதவே திறந்துவிடும். ஆகவே தலைத்துண்டைச் செருகித் தள்ளாதீர்கள். துண்டு இடம் மாறினால் இந்த வழி அடைபட்டுவிடும்.

சுவிட்சர்லாந்தின் காபா நிறுவனம் 1934இல் கொண்டுவந்த குழிச் சாவி வகையில் சிக்கல் அதிகம். ஓரத்தில் பல் இல்லாததால் துண்டை இழுக்கும் கொக்கிக்குப் பிடி கிடைக்காது. நகை ஆசாரிகளின் மெல்லிய ரம்பப் பிளேடை, பற்கள் வெளிப்பக்கம் பார்க்க, துண்டின் ஓரமாக நுழைப்பேன். சற்றுத் திருகி, பல் கடித்ததும் நிதானமாக இழுப்பேன். அதற்கு முன் கொஞ்சம் கிராஃபைட் தூள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியைச் சேர்த்துவிடும். குச்சியில் பசை தடவி இழுப்பது அதைவிடக் கெடுதல். பசை பின்களுக்குள் இறங்கினால் அந்தப் பூட்டு அவ்வளவுதான்.

டிரில் கடைசி வழி. உயர்பாதுகாப்பு சிலிண்டர்கள் பலவற்றில் கடின எஃகுப் பின்கள் இருக்கும், பிட் மழுங்கிவிடும்.

சாவி உடைவதற்குப் பெரும்பாலும் நம் பழக்கமே காரணம். சாவியையே கைப்பிடியாக வைத்துக் கதவை இழுக்கிறோம். ஆழமாக வெட்டிய இடத்தில் விரிசல் விழுகிறது. வளைந்த சாவியை நிமிர்த்திப் புழங்காமல் உடனே மாற்றுங்கள். பூட்டோடு வந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் பல உயர்ரகச் சாவிகளுக்கு நகல் கிடைக்காது.