பின்னோக்கிச் சுழலும் நீரேற்றி

கிணற்று மேட்டில் சுவிட்சை அணைத்ததும் மோட்டார் ஓய்ந்து நின்று, மறுகணம் எதிர்த்திசையில் விறுவிறுவென்று சுற்றுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். எங்கள் பெரியதாழையை அடுத்த தேரிக்காட்டுத் தோட்டங்களில் இக்காட்சி புதிதன்று. ‘புட் வால்வு போய்விட்டது’ என்பார் மெக்கானிக். மேலே ஏறிய நீர் குழாய் வழியே திரும்பி இறங்கி இம்பெல்லரைத் தள்ளுகின்றது. பழுதென்று நாம் ஒதுக்கும் இந்நிகழ்ச்சியிலேயே ஒரு சிறு மின்நிலையம் ஒளிந்திருக்கின்றது.

நீரேற்றியில் சுழற்சி நீருக்கு அழுத்தம் தருகின்றது; சுழலியில் நீரின் அழுத்தம் சுழற்சியைத் தருகின்றது. 1931ஆம் ஆண்டில் தோமா, கிட்ரெட்ஜ் என்னும் இருவர், மையவிலக்கு நீரேற்றி பின்னோக்கி ஓடும்போதும் திறமையாகவே வேலை செய்வதைக் கண்டனர். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் இதன் பேருருவம் உள்ளது. 1980களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய 100 மெகாவாட் எந்திரங்கள் நான்கு, மின்சாரம் மிஞ்சும் வேளையில் நீரை மேல் அணைக்கு ஏற்றுகின்றன; தேவை மிகும் வேளையில் அந்நீரையே இறக்கி மின்சாரம் தருகின்றன. அவை இரு வேலைக்குமென்றே அமைக்கப்பட்டவை. நான் சொல்ல வருவதோ கடையில் விற்கும் சாதாரண நீரேற்றியைப் பற்றி.

உயரத்திலிருந்து இறங்கும் குடிநீர்க் குழாயில் அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் குழாய் வெடிக்கும், இணைப்புகள் கசியும். ஆகவே அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் பொருத்தி அதை வீணாக்குகிறோம். அவ்விடத்தில் நீரேற்றியைத் திருப்பி வைத்தால் என்ன? நொடிக்கு 20 லிட்டர் நீரும் 30 மீட்டர் மிகை அழுத்தமும் இருப்பதாகக் கொள்வோம். 20 × 30 × 9.81 = 5,886 வாட். திறன் 60 விழுக்காடு எனில் ஏறத்தாழ 3.5 கிலோவாட், இடைவிடாது ஓடினால் நாளொன்றுக்கு 84 யூனிட். இருபது வாட் தெருவிளக்குகள் 175 எரியும்!

எந்த நீரேற்றியை வாங்குவது? இங்கேதான் நுட்பம் இருக்கின்றது. ஏற்றும்போது உள்ளிழப்புகள் கிடைக்கும் உயரத்தைக் குறைக்கின்றன. இறக்கும்போது அவ்விழப்புகளையும் வரும் நீரே ஈடுகட்ட வேண்டும். 1985இல் பெங்களூர் கிர்லோஸ்கர் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து ஷர்மா என்பவர் தந்த வாய்பாட்டின்படி, 70 விழுக்காடு திறனுள்ள நீரேற்றி சுழலியாகும்போது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உயரமும் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேற்பட்ட நீரும் கேட்கும். அதாவது நம் கணக்குக்கு, 20 மீட்டர் உயரத்துக்கு நொடிக்கு 15 லிட்டர் ஏற்றும் நீரேற்றியே போதும். அதனுடன் வரும் தூண்டல் மோட்டாரே மின்னாக்கியாகிவிடும். நான்கு துருவ மோட்டாரானால், மின்கம்பியில் இணைத்து 1,500 சுற்றுக்குச் சற்று மேல் ஓட்ட வேண்டும்.

குறைகளும் உண்டு. உண்மைச் சுழலியில் நீரின் அளவுக்கேற்பத் திரும்பும் வழிகாட்டித் தகடுகள் இதில் இல்லை. காலையில் ஊரே குழாயைத் திறக்கும். நள்ளிரவில் ஓட்டம் ஒடுங்கும். ஓட்டம் மாறினால் திறன் சரிந்துவிடும். எனவே பக்கத்திலேயே வால்வுடன் ஒரு மாற்றுக் குழாய் வேண்டும். மின்தடை ஏற்பட்டால் சுமையற்ற எந்திரம் வெறிபிடித்துச் சுற்றும். மரையால் இறுக்கிய இம்பெல்லர் எதிர்ச்சுழற்சியில் கழன்றுவிடவும் கூடும்.

இதை எங்கள் ஊரில் வைக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது என்பதே என் கருத்து. சமவெளியில் நீர் தானாக வருவதில்லை. மின்சாரம் செலவிட்டு ஏற்றுகிறோம். ஏற்றுவதில் 70, மீட்பதில் 60 விழுக்காடு எனில் திரும்புவது 42 விழுக்காடுதான். அங்கே அழுத்தம் மிஞ்சினால் ஏற்றுவதைக் குறைப்பதே அறிவுடைமை. தவிரவும், கடைசித் தெருக் குழாயடியில் குடத்துடன் காத்திருக்கும் எங்கள் தாய்மாரிடம் மிகை அழுத்தம் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள்!

மலையிலிருந்து இறங்கும் குழாய்களின் கதை வேறு. சுவிட்சர்லாந்தில் குடிநீர்க் குழாய்களிலேயே சிறு மின்நிலையங்கள் பல இயங்குகின்றன. நம் நாட்டில் கோவைக்குச் சிறுவாணி நீர் மலையிலிருந்து தானாகவே இறங்கி வருகின்றது. இத்தகைய வழிகளில் முதலில் செய்ய வேண்டியது எளிய வேலை: வால்வுக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி பொருத்தி, ஓராண்டுக்கு இரவும் பகலும் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் குறித்து வைப்பது. நீரேற்றியின் அளவை அந்த ஏடே சொல்லும்.