கடிதம் நாடகமாகும் விதம்

பிரிந்திருக்கும் கணவன் மனைவிக்குள் போய்வந்த கடிதங்களை நாடகமாக்க முடியுமா? முடியும்.

ரஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவ் காசநோய் காரணமாக யால்டாவில் தங்கியிருந்தார். அவர் 1901-இல் மணந்த நடிகை ஓல்கா நிப்பருக்கோ மாஸ்கோ கலை அரங்கில் வேலை. இருவரும் எழுதிக்கொண்ட நூற்றுக்கணக்கான கடிதங்களைக் கொண்டு கரோல் ரொகமோரா ஒரு நாடகம் எழுதினார். பீட்டர் புரூக் அதை 2003-இல் பாரிசில் மேடையேற்றினார். நடிகர்கள் இருவரே.

கடிதம் உரையாடல் அல்ல. கேட்டதற்குப் பதில் வர நாட்கள் ஆகும். அதற்குள் உடல்நிலையும் மனநிலையும் மாறிவிடும். இந்தத் தாமதம்தான் நாடகம். எனவே கேள்வியையும் பதிலையும் அடுத்தடுத்து வைக்கும்போது இடையில் சற்று மௌனம் விடவேண்டும்.

1904-இல் செகாவ் காலமானார். அதன் பின்னும் ஓல்கா அவருக்குக் கடிதம் எழுதினார். பதில் வராது என்று தெரிந்தே எழுதியவை அவை. மேடையில் அவற்றைப் படித்தாலே போதும். வேறு வசனம் வேண்டாம்.

ரயில்வேயில் இருந்தபோது நான் வீட்டுக்குப் போட்ட இன்லண்ட் கடிதங்கள் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இருக்கும். பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.