முகப்பூச்சும் முகவரியும்

மேலே பூசுவதுதானே, உள்ளே போகிற வஸ்து அல்லவே என்ற எண்ணத்தினால், உணவையும் ஔஷதத்தையும் வாங்கும்போது காட்டுகிற ஜாக்கிரதையை முகப்பூச்சு வாங்கும்போது நம் ஜனங்கள் காட்டுவதில்லை. அவ்வெண்ணம் எவ்வளவு பிசகானது என்பதை 2023-ஆம் வருஷம் கேரளத்தின் மலப்புறம் ஜில்லாவில் வெளிப்பட்ட சம்பவங்கள் உணர்த்தின. சிறுநீரில் புரதம் வெளியேறும் ‘மெம்பிரனஸ் நெஃப்ரோபதி’ என்னும் சிறுநீரக வியாதியோடு வைத்தியர்களை நாடி வந்தவர்களில் சிலர், சருமத்தை வெளுக்கச் செய்யும் களிம்புகளை உபயோகித்து வந்தவர்கள் என்பதும், அக்களிம்புகளில் பாதரசம் வரம்பு மீறி இருந்தது என்பதும் விசாரணையில் தெரிய வந்தன. அதே வருஷம் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளைச் சோதனையிட்டது.

நம் தோலுக்கு நிறம் தருகிற மெலனின், சூரியனுடைய புற ஊதாக் கதிர்களின் உக்கிரத்தைத் தாங்குவதற்கென்று இயற்கை அளித்திருக்கும் கவசம். பாதரச உப்புகள் அந்த மெலனின் உண்டாவதைத் தடுத்துச் சில தினங்களிலேயே முகத்தை வெளுக்கச் செய்கின்றன; ஆனால் அவை தோலின் வழியே ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு, பாதரசம் ஆவியாகும் இயல்புடையதாகையால், பூசிக்கொள்பவரை மட்டுமின்றி அதே வீட்டில் வளரும் குழந்தையையும் பாதிக்கக்கூடும். இதனாலேயே 2020-ஆம் வருஷத்து அழகுசாதனப் பொருள் விதிகள், கண்ணைச் சுற்றிப் பூசும் பொருள்களில் பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேலும், மற்றவற்றில் தற்செயலாகக் கலந்தாலுங்கூட 1 பங்குக்கு மேலும் பாதரசம் இருக்கலாகாது என்று வரையறுத்திருக்கின்றன.

எனினும், விதி காப்பாற்றுவது கேட்டு வாங்கத் தெரிந்தவனைத்தான். தயாரித்தவர் பெயர், தயாரிப்பிடத்தின் முகவரி, உற்பத்தி உரிம எண், தொகுதி எண், உபயோகிக்க வேண்டிய கடைசித் தேதி, நிகர அளவு, அதிகபட்ச விலை, வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் ஆகிய இவையெல்லாம் லேபிளில் கடைக்காரர் தயவினால் அச்சிடப்படுபவை அல்ல. வாங்குகிறவருக்குச் சட்டம் அளித்திருக்கும் பாத்தியதைகள். சேர்மானங்களின் பட்டியலில் ஒரு சதவீதத்துக்கு மேற்பட்டவை அளவின் இறங்குவரிசையில் இருக்க வேண்டும். ஒரு சதவீதமோ அதற்குக் குறைவோ ஆனவற்றை அவற்றின் பின்னே எந்த வரிசையிலும் எழுதலாம். ஆகவே, டப்பாவின் முகப்பில் குங்குமப்பூவும் சந்தனமும் பெரிதாகச் சித்திரிக்கப்பட்டு, பட்டியலின் அடியில் அவை கண்டிருக்குமானால், விலையைப் படத்துக்குக் கொடுக்கிறோமா, பண்டத்துக்குக் கொடுக்கிறோமா என்று யோசிக்க வேண்டும். 30 கிராமுக்குக் குறைந்த களிம்புப் பொதிகளுக்கும் 60 மில்லிலிட்டருக்குக் குறைந்த திரவப் பொதிகளுக்கும் இப்பட்டியல் கட்டாயமில்லை. ஆதலால் சிறு டப்பா வாங்குகிறவர்கள், அதே சரக்கின் பெரிய டப்பாவை எடுத்து வாசித்துப் பார்ப்பது விவேகம். ‘கலோமெல்’, ‘மெர்க்குரிக்’, ‘மெர்க்குரி’ என்ற சொற்களைக் கண்டாலும், தங்கம் வெள்ளி நகைகளில் படாமல் பூசுக என்ற எச்சரிக்கையைக் கண்டாலும் உடனே விலக்கிவிட வேண்டும். ‘இயற்கையானது’, ‘மூலிகையாலானது’ என்னும் விளம்பரச் சொற்கள் அபாயமின்மைக்கு அத்தாட்சி ஆகமாட்டா.

இன்னொரு விபரீதமும் உண்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் முதலிய ஸ்டீராய்டுகள் அடங்கிய களிம்புகள் அழகுசாதனங்கள் அல்ல, மருந்துகள். 2018-ஆம் வருஷத்து அறிவிக்கையின்படி அவை வைத்தியரின் சீட்டின்றி விற்கத் தகாதவை. குழாயில் ‘ஆர்எக்ஸ்’ என்ற குறியும் ‘ஷெட்யூல் எச்’ என்ற எச்சரிக்கையும் காணப்படும். அண்டை வீட்டார் சொன்னார் என்று மாதக்கணக்கில் இவற்றைத் தடவினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் சிவந்து தெரியும், பருக்கள் மலியும், நிறுத்தியவுடன் எரிச்சல் அதிகரிக்கும். ஏற்கெனவே அகப்பட்டுக்கொண்டவர்கள் வெட்கத்தினால் மறைக்காமலும், திடீரென்று தாமாகவே நிறுத்திவிடாமலும் சரும வைத்தியரை அணுகுவதே உத்தமம். பாதரசம் கலந்ததென்று சந்தேகம் தோன்றினாலோ அக்களிம்பைத் தொடுவதை அக்கணமே நிறுத்தி, சிறுநீரைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

தீங்கு நேர்ந்தபின் பரிகாரம் தேடுவதற்கு ரசீதும் டப்பாவுமே சாட்சிகள், அவற்றை எறிந்துவிடலாகாது. வாங்கிய அழகுசாதனத்தை உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரைக் கொண்டு சோதிக்கச் செய்து, கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறும் உரிமையை 1940-ஆம் வருஷத்து மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டத்தின் 26-ஆவது பிரிவு சாமானிய மனிதருக்கும் வழங்கியிருக்கிறது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு மனுச் செய்யலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நஷ்டஈடு கோரலாம். கொடுத்த கிரயம் ஐந்து லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது.

கருமை ஒரு வியாதி அல்ல. ஆதலால் அதற்குச் சிகிச்சையும் இல்லை. நிறத்தைக் குறையென்று சொல்லி நம் பெண்மக்களின் மனத்தில் தாழ்வை விதைக்கிற வியாபாரம், அந்தத் தாழ்வுணர்ச்சியையே முதலாகக் கொண்டு நடக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு லேபிளை வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எவ்வளவு அவசியமோ, நிறத்தைக் குறித்து அவர்கள் காதில் விழும்படி இளக்காரமாகப் பேசாதிருப்பதும் அவ்வளவு அவசியம்.