பழைய காரில் கூலன்ட் ஒழுகுகிறதா? மஞ்சள் தூள் டப்பாவைத் திறக்கும் முன் இதைப் படியுங்கள்!

வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் கொஞ்சம் மஞ்சள் தூளை அள்ளிப் போடு என்பது நம் ஊர் டிரைவர்களின் பழைய கைவைத்தியம். சிரிக்க வேண்டாம், அது வேலை செய்யும். தூள் தண்ணீரோடு சுற்றி வந்து, ஊசிமுனை அளவு ஓட்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒழுகல் நின்றுவிட்டதே என்று பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஓட்டையை அடைத்த அதே தூள், ரேடியேட்டருக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். கடையில் பாட்டிலில் கிடைக்கும் ‘லீக் ஸ்டாப்’ சமாசாரங்களும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கின்றன. பாட்டில் மட்டும் பார்க்க அழகாக இருக்கும்!

மாருதி 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதத்தில் அம்பாசடரும் விடைபெற்றது. ஆக, இன்று தெருவில் ஓடும் அந்த இரண்டு கார்களில் எதைப் பார்த்தாலும் அதற்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும். என்ஜினின் இரும்புக்கு அது பெரிய வயதல்ல. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஹோஸ், பிளாஸ்டிக் டேங்க், கேஸ்கட், சீல் எல்லாவற்றுக்கும் அது முதுமை. பழைய காரில் கூலன்ட் ஒழுகுவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றால்தான். ஆரம்பத்திலேயே பிடித்தால் சில நூறு ரூபாயில் முடியக்கூடிய வேலை. தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியே ஓட்டிக்கொண்டிருந்தால், ஒருநாள் ஹெட் வளைந்து பல ஆயிரங்களில் போய் நிற்கும்.

மூடி என்பது வெறும் மூடி அல்ல

ரேடியேட்டர் மூடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். 0.9 அல்லது 1.1 என்று ஏதோ ஒரு எண் அச்சிட்டிருக்கும். அது அழுத்தத்தின் அளவு. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் சீல். பிரஷர் குக்கரின் விசில் செய்யும் வேலையைத்தான் இவை செய்கின்றன. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 பார் கூடுதல் அழுத்தத்தில் அதே தண்ணீர் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட் கலந்தால் இன்னும் சில டிகிரி கூடும்.

அந்த ரப்பர் சீல் காய்ந்து வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது. கூலன்ட் சீக்கிரம் கொதித்து, ரிசர்வ் டேங்க் வழியாக வழிந்து போகும். மலையேறும்போது நிலைமை இன்னும் மோசம். ஊட்டியின் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் ஒழுங்காக ஓடும் கார், கொண்டை ஊசி வளைவுகளில் ஆவி கக்குவதற்கு ஏற்றத்தின் சுமையோடு இதுவும் ஒரு காரணம். சென்னை ஜி.பி. ரோடு போன்ற உதிரிபாகக் கடைகளில் மூடி மலிவாகவே கிடைக்கும். வாங்கும்போது பழைய மூடியில் இருக்கும் அதே எண் உள்ளதையே கேளுங்கள். எண் அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று வாங்கினால், அந்தக் கூடுதல் அழுத்தம் இருபது வயது ஹோஸின் தலையில் விடியும்.

‘ஹெட்டு போயிருச்சு சார்!’

கூலன்ட் குறைகிறது என்று போய் நின்றால், சில ஒர்க்‌ஷாப்களில் முதலில் வரும் வார்த்தை இதுதான். என் பெரியப்பாவின் 22 வருடப் பழைய காருக்கும் இதையே சொன்னார்கள். என்ஜினைப் பிரிக்க வேண்டும், ஹெட்டை லேத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு தொகையையும் சொன்னார்கள். காரையே விற்றால்கூட அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கிடைக்கும். பென்ஷனில் குடும்பம் நடத்துபவர். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் எதையும் கழற்றவில்லை. ரேடியேட்டர் மூடியின் இடத்தில் சைக்கிள் பம்ப் போன்ற ஒரு கருவியை மாட்டினார். மீட்டரில் முள் 0.9-க்கு வரும்வரை காற்றடித்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். முள் மெல்ல இறங்க, என்ஜினுக்குப் பின்னால் ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. வண்டி ஓடும்போது அந்தச் சொட்டு சூடான என்ஜின் மீது விழுந்து ஆவியாகிவிடுகிறது. அதனால்தான் தரையில் ஈரமே தெரியவில்லை. ஒரு அடி ஹோஸ், இரண்டு கிளிப், ஒரு மணி நேர வேலை. கார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்? போடாவிட்டாலும் அந்தக் குழாய்க்குள் கூலன்ட் இருக்கும். ஹோஸ் மாற்றும்போது மேலே தெரியும் பெரிய ஹோஸ்களை மட்டும் மாற்றிவிட்டு, இந்தச் சின்னக் குழாய்களை எல்லோருமே மறந்துவிடுகிறார்கள்.

எங்கே ஒழுகுகிறது?

ஒழுகும் இடம் தெரியாமல் எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். இந்தப் பிரஷர் டெஸ்ட்டைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கருவி இல்லை என்றால், அது இருக்கும் கடைக்குப் போங்கள்.

வீட்டிலேயே கொஞ்சம் துப்பறியலாம். இரவில் காருக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் கறை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஏ.சி போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினால் சொட்டுவது வெறும் தண்ணீர், அதற்குப் பயப்பட வேண்டாம். பச்சையோ சிவப்போ நிறமிருந்து, தொட்டால் லேசாக வழுவழுப்பாக இருந்தால் அது கூலன்ட். பிறகு, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறந்து, ஹோஸ் முனைகளிலும் பிளாஸ்டிக் டேங்க் இணைப்பிலும் உப்புப் பூத்தது போன்ற காய்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸைக் கையால் அழுத்துங்கள். பஞ்சு போல அமுங்கினாலும், கட்டை போல விறைத்திருந்தாலும் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. வெளியே எதுவுமே இல்லை, ஆனால் முன்சீட்டுக் காலடியில் கார்ப்பெட் ஈரமாக இருக்கிறது, காருக்குள் தித்திப்பாக ஒரு வாசனை, முன்கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போல மங்கல் என்றால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகுகிறது.

வாட்டர் பம்ப்பில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் அடியில் வேண்டுமென்றே ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்ததும் அந்தத் துளை வழியாகச் சொட்டும். பேரிங்கிற்குள் தண்ணீர் போவதற்கு முன்னால் பம்ப் நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை அது. அதைப் போய் எம்-சீல் வைத்து அடைத்துவிடும் கைங்கரியத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அப்படி அடைத்தால் தண்ணீர் பேரிங்கைத் தின்னும். பம்ப் இறுகி பெல்ட் அறுந்துபோகும். டைமிங் பெல்ட்டாலேயே பம்ப் சுற்றும் கார்களில், அதோடு என்ஜினும் நின்றுவிடும்.

உண்மையிலேயே ஹெட் கேஸ்கட் போயிருந்தால் அடையாளங்கள் வேறு. ஆயில் மூடியைத் திறந்தால் பால் கலந்த காபி போல நுரை, சைலென்ஸரில் என்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் விடாமல் கிளம்பும் குமிழ்கள். நுரை மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரிலும் மூடியில் அப்படிப் படியும். இதை உறுதிசெய்ய ஒரு நீலத் திரவச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்பட்சத்தில் நீலம் மஞ்சளாகிவிடும். அதன் பிறகு பிரிக்கலாம். பிரித்தால், ஹெட் வளைந்திருக்கிறதா என்று அளக்காமல் புது கேஸ்கட்டைப் போட விடாதீர்கள். பல என்ஜின்களில் அனுமதிக்கப்பட்ட வளைவு 0.05 மில்லிமீட்டர்தான். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்காதீர்கள்

“இது நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை” என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் குப்பையில் போடுவது நம் ஒர்க்‌ஷாப்களில் ஒரு சடங்காகவே இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. என்ஜின் ஒரு குறிப்பிட்ட சூட்டில் நன்றாக ஓடும்படி செய்யப்பட்டது. பெரும்பாலும் 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேல்தான் இந்த வால்வு திறக்க ஆரம்பிக்கும். அதை எடுத்துவிட்டால் என்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். சந்தேகமிருந்தால் வால்வை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். கொதிக்கும் தண்ணீரிலும் திறக்காவிட்டால் புதிது வாங்கிப் போடுங்கள்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். போர்வெல் தண்ணீரில் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறதல்லவா? ரேடியேட்டருக்குள்ளும் அதுவேதான் நடக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். பாட்டிலில் ‘ரெடி டு யூஸ்’ என்று போட்டிருந்தால் அதில் ஏற்கெனவே தண்ணீர் கலந்திருக்கிறது, மேற்கொண்டு சேர்க்கக் கூடாது. நம் ஊரில்தான் பனியே இல்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கொதிநிலையை உயர்த்துவது, துருப்பிடிக்காமல் காப்பது இரண்டும் நமக்கும் தேவைதானே!

ஒழுகலைச் சரிசெய்து புதிதாக ஊற்றும்போது உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். ஹீட்டரை ‘ஹாட்’டில் திருப்பி வைத்துவிட்டு, குளிர்ந்த என்ஜினில் மெதுவாக நிரப்ப வேண்டும். மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து, குமிழ்கள் அடங்கி மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வந்து, பிறகு மூட வேண்டும். இந்த இருபது நிமிடத்துக்குப் பொறுமை இல்லாத கடையில் ரிப்பேர் செய்தால், மறுநாளே கார் மறுபடி சூடாகும். புதிதாகப் போட்ட பாகத்தின் மீது பழி விழும்.

வழியில் முள் ஏறினால்...

ஏ.சி-யை அணையுங்கள். ஓரங்கட்ட இடம் கிடைக்கும்வரை ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். சித்திரை வெயிலில் இது கொடுமைதான், ஆனால் அது இன்னொரு சின்ன ரேடியேட்டர் போல வேலை செய்து என்ஜினின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். பிறகு என்ஜினை நிறுத்திவிட்டு, குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். அதுவரை மூடியில் கை வைக்கவே கூடாது. துணியைச் சுற்றிக்கொண்டு திறந்தாலும் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடக்கூடும்.

இன்னொன்று. ஏறிய முள் திடீரென்று தானாக இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். கூலன்ட் மொத்தமும் போய்விட்டால், சூட்டை அளக்கும் சென்சார் காற்றில் தொங்கும். அப்போது முள் பொய் சொல்லும்.

பழைய கூலன்ட்டை வடிக்கும்போது தெருவிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நாக்குக்கு இனிக்கும், ஆனால் விஷம். தெருநாய் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். நிறமாக, ஜூஸ் மாதிரி இருப்பதால் குழந்தைகளுக்கும் ஆபத்து. மிச்சமிருப்பதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி ஷெட்டில் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இன்றைக்கே அந்த பாட்டிலைத் தேடி எடுத்து, மூடியை இறுக்கி, மேலே ‘விஷம்’ என்று எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.