பருப்புத் தண்ணி போதுமா?

"பாப்பாவுக்கு ஆறு மாசம் முடிஞ்சாச்சு. தினமும் பருப்புத் தண்ணி குடுக்கிறேன். மடக் மடக்குன்னு குடிச்சுடறா. ஆனா எடைதான் ஏறவே மாட்டேங்குது!"

இளம் தாய்மார்கள் பலர் சொல்லும் குறை இது. குழந்தை மேல் தப்பில்லை. பருப்பு வெந்தபின் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரில் மஞ்சள் நிறம் இருக்கிறது, வாசனை இருக்கிறது. பருப்பு மட்டும் அடியில் இருக்கிறது. அந்த அடிப்பருப்பு அப்பாவின் சாம்பாருக்குப் போய்விடும். வீட்டிலேயே அதிகம் வளர வேண்டிய ஆளுக்குத் தண்ணீர். தொந்தி குறைய வேண்டிய ஆளுக்குப் பருப்பு!

எட்டு மாதக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிதான் கொள்ளும். அந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சாதத்துக்கும் இடமில்லை, தாய்ப்பாலுக்கும் இடமில்லை. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அதற்குப் பிறகு கொடுப்பது கெட்டியாக இருக்கவேண்டும். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். உடனே வழிந்து ஓடினால் அது உணவல்ல, பானம். மெதுவாக நழுவி விழுந்தால் சரியான பதம்.

இதற்கு வசதியானது அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்த சாதம். வடக்கே இதைத்தான் கிச்சடி என்கிறார்கள் (நம் ரவா கிச்சடி வேறு). 14ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த இபன் பதூதா என்ற யாத்திரிகர், இங்குள்ளவர்கள் அரிசியையும் பயறையும் சேர்த்து வேகவைத்து, நெய் ஊற்றிக் காலையில் சாப்பிடுவதாக எழுதி வைத்திருக்கிறார். நம் வெண்பொங்கலும் அதே ஜாதிதானே! அரிசிப் புரதத்தில் லைசின் என்ற சத்து குறைவு. பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. சேர்ந்து போகும்போது ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது.

வீட்டுக்கு ஒரு சமையல், குழந்தைக்கு ஒரு சமையல் என்று திண்டாட வேண்டாம். ஒரே குக்கர் போதும்.

பச்சரிசி 1 டம்ளர், பாசிப்பருப்பு அரை டம்ளர். நாலு பேருக்குத் தாராளமாக வரும். பருப்பை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை லேசாக வறுக்கவும். சிவக்க விடக்கூடாது. இரண்டையும் சேர்த்து இரண்டு தடவை களைந்தால் போதும். ஏழு, எட்டு தண்ணீர் விட்டு அலசினால் 'பி' வைட்டமின் எல்லாம் சாக்கடைக்குப் போய்விடும். 6 டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், அரை ஸ்பூன் சீரகம், கையளவு துருவிய காரட் அல்லது பரங்கிக்காய் போட்டு வைக்கவும். உப்பு இப்போது வேண்டாம். 5 விசில் விட்டு, அடுப்பைச் சின்னதாக்கி 5 நிமிஷம் வைத்து இறக்கவும்.

ஒரு எச்சரிக்கை: பருப்பு நுரைத்துப் பொங்கும். நுரை போய் ஆவித் துவாரத்தை அடைத்துக்கொண்டால் ஆபத்து. ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் போகவே கூடாது. 5 லிட்டர் குக்கர் சௌகரியம். 3 லிட்டர் என்றால் அளவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். ஆவி முழுக்க அடங்கிய பிறகே திறக்கவேண்டும்.

"எத்தனை விசில் விட்டாலும் பருப்பு வேகமாட்டேங்குதே?" பழைய பருப்பாக இருக்கலாம், அல்லது உங்கள் போர்த் தண்ணீர் கடினமாக இருக்கலாம். அரை மணி ஊறவைத்து, குடிக்கிற நல்ல தண்ணீரில் வேகவையுங்கள். சோடா உப்பு போட்டால் சீக்கிரம் குழையும்தான், ஆனால் 'பி1' வைட்டமின் அழிந்துவிடும். குழந்தைக்கு என்று செய்யும்போது சோடா டப்பாவைத் தொடாதீர்கள்.

திறந்ததும் முதல் வேலை பாப்பாவின் பங்கை எடுத்து வைப்பது. உப்பு, சர்க்கரை எதுவும் வேண்டாம். ஒரு வயதுவரை அவை தேவையில்லை, தேனும் கூடாது. சின்ன ஸ்பூன் நெய் விட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் மசிக்கவும். மிக்ஸியில் அரைத்து வெண்ணெயாக்கிக்கொண்டே இருந்தால் பிள்ளை மெல்லப் பழகாது. எட்டு, ஒன்பது மாதத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கட்டும். ஆரம்பத்தில் வேளைக்கு இரண்டு, மூன்று பெரிய ஸ்பூன், நாளுக்கு இரண்டு வேளை. போகப் போகச் சின்னக் கிண்ணத்தில் பாதி, மூன்று வேளை. தாய்ப்பால் கூடவே தொடரட்டும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு இரும்புச்சத்துக்குத் தாய்ப்பால் மட்டும் போதாது. பருப்பு சாதமும் முழுக்க ஈடு செய்யாது. அதனால் ஒரு நாள் வேகவைத்த கீரை, ஒரு நாள் நன்றாக வெந்த முட்டை, சாப்பிடுகிற வீடானால் முள் நீக்கிய மீன் என்று மசித்துச் சேருங்கள். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் கீரையின் இரும்பு உடம்பில் ஒட்டும்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் வீட்டில் ஒரு வாக்குவாதம் நிச்சயம்.

"வயித்தைக் காயப் போடும்மா, தானா நின்னுடும்."

"இல்லைங்க அத்தை, சாப்பாட்டை நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

மருமகள் சொல்வதுதான் சரி. அத்தை பயப்படுவதும் பிரியத்தால்தான். ஆனால் பட்டினி போட்டால் பிள்ளை இன்னும் துவளும். தாய்ப்பாலும், ஓ.ஆர்.எஸ். கரைசலும், இந்தக் குழைந்த சாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகவும் கொடுக்கலாம். கண் குழி விழுந்தாலோ, ரத்தம் கலந்து போனாலோ, சோர்ந்து படுத்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. எடை ஏறாத குழந்தையையும் அங்கன்வாடியில் மாதாமாதம் நிறுத்துப் பார்த்து, டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சாதத்தைக் காலையில் செய்து சாயங்காலம்வரை வெளியே வைத்து ஊட்டுவது கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடவேண்டும். மிச்சம் வைத்த எச்சில் கிண்ணத்தைத் திரும்ப நீட்டவும் கூடாது.

பாப்பா பங்கு போக மீதிக்கு உப்புப் போட்டுக் கிளறி, நெய்யில் மிளகு, சீரகம், பொடியாக நறுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். ஆறினால் இறுகும், அரை டம்ளர் வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் கொத்சு பிரமாதம். அதற்கு நேரமில்லாத நாளில் சுட்ட அப்பளமும் நாரத்தங்காய் ஊறுகாயும் இருந்தால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.