மாஞ்சோலைத் தேயிலை: பெயரும் சரக்கும்

"மாஞ்சோலைத் தூள் இருக்கா?" என்று கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு இன்று நாம் என்ன பதில் சொல்வது? உறுப்பினர்கள் சிலருக்கு இதில் குழப்பம் இருப்பதால், அந்தத் தோட்டத்தின் வரலாற்றையும் வியாபாரி கவனிக்க வேண்டிய விஷயங்களையும் இங்கே தருகிறோம்.

மணிமுத்தாறு அணைக்கு மேலே உள்ள மலை முன்பு சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தம். ஒரு பெரிய வழக்கின் செலவால் ஜமீன் கடன்பட்டது என்று இப்பகுதிப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது எப்படியானாலும், 1929-ல் 8,373 ஏக்கர் வனம் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருடக் குத்தகைக்கு விடப்பட்டது. இந்தக் கம்பெனி 1863-ல் தொடங்கியது. பர்மாத் தேக்கு வெட்டிப் பெரிதானது. 1885-ல் ஆங்கிலேயர் பர்மா மன்னர் மீது படையெடுக்கச் சாக்காக இருந்ததே இதன் மரத் தகராறுதான்! ஜமீன் ஒழிப்புக்குப் பின் நிலம் அரசிடம் வந்தது. குத்தகை மட்டும் தொடர்ந்தது.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டங்கள் உருவாயின. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரம். இரண்டு பருவ மழையும் கிடைக்கும் இடம். வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டிலேயே அதிக மழை என்று செய்தியில் வரும் பெயர்கள் பல நாள் ஊத்தும் நாலுமுக்கும்தான். ஊத்து எஸ்டேட்டில் 1980-களின் கடைசியிலிருந்தே ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாமல் தேயிலை விளைவித்தார்கள். இயற்கை வேளாண்மை என்ற பேச்சு நம் கடைவீதிக்கு வருவதற்கு வெகுகாலம் முந்திய சங்கதி இது.

நல்ல பெயரோடு கசப்பும் சேர்ந்தே வந்தது. கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலியில் 1999 ஜூலை 23-ல் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் இறந்தனர். அந்தக் கொழுந்தைப் பறித்த கைகளை விட்டுவிட்டு அதன் மணத்தைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது.

குத்தகை 2028-ல்தான் முடிகிறது. ஆனால் மலை, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. கம்பெனி முன்கூட்டியே விலக முடிவு செய்து, 2024 ஜூனில் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்தியது. அரசின் டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஏற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மலையிலேயே வாழ்ந்தவர்கள் இறங்க வேண்டியதாயிற்று.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். சரக்கு நின்றாலும் பெயர் உடனே நிற்பதில்லை. போர்ச்சுகல் நாட்டின் போர்ட் ஒயின் இதற்குப் பழைய உதாரணம். டோரோ பள்ளத்தாக்குத் திராட்சை ரசத்தில் பிராந்தி சேர்த்துச் செய்யும் அந்த மதுவுக்கு நல்ல விலை வந்ததும், மட்டமான ரசத்துக்கு வேறு பழச்சாயம் ஏற்றி அதே பெயரில் விற்றார்கள். 1756-ல் அந்நாட்டு அரசு விளையும் பகுதிக்கு எல்லை குறித்தது. சாயத்துக்குப் பயன்பட்ட செடிகளையே பிடுங்கச் சொன்னது. நம் நாட்டில் புவிசார் குறியீடு முதலில் பெற்ற சரக்கு டார்ஜீலிங் தேயிலை.

எனவே மொத்தக் கடையில் 'மாஞ்சோலை' என்று அச்சிட்ட பாக்கெட் கொடுத்தால், பேக் செய்தவர் பெயர், முகவரி, தேதி மூன்றையும் பாருங்கள். 2024-க்குப் பின் பறித்த இலை என்றால் எந்தத் தோட்டத்து இலை என்று கேளுங்கள். பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். விளைந்த இடத்தைத் தவறாகக் காட்டும் லேபிள், 2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை போகலாம். அச்சடித்தவருக்கு மட்டுமல்ல, வைத்து விற்பவருக்கும் அது பொருந்தும். "எனக்குத் தெரியாது" என்று கடைக்காரர் தப்பிப்பது சுலபமல்ல.

உதிரித் தூளை நிறுத்து விற்பவர்கள் நீலகிரித் தூளை நீலகிரி என்றே சொல்லி விற்கலாம். அதுவும் நல்ல சரக்குதான். டீக்கடைக்காரருக்கு வேண்டிய கடுப்பும் நிறமும் டஸ்ட் ரகத்தில் தாராளமாகக் கிடைக்கும். பழைய மாஞ்சோலை பாக்கெட் எங்காவது தேங்கிக் கிடந்தால், அசல் என்பதற்காக விலை ஏற்றிக் கேட்க வேண்டாம். மாதக்கணக்கில் பெருங்காயத்துக்கும் சோப்புக்கும் பக்கத்தில் இருந்த தேயிலையில் மிஞ்சுவது அந்த வாடைதான்.